தபால் நாடகமும் ஆகாச நாடகமும்

கதை கேட்காத மனிதன் இல்லை; கதைக்குக் கூலி கொடுக்காத ஊரும் இல்லை. கூத்தாடிக்கு நெல் அளந்தார்கள். காலட்சேபம் செய்த பாகவதருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்தார்கள். இன்று கைப்பேசிக் கம்பெனிக்கும் படத் தளத்துக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். கூலி கொடுக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. கொடுத்த பிறகு நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டு வருகிறது. அந்த வரவு செலவை இந்த வாரம் சற்று உட்கார்ந்து பார்க்கலாம் என்று உத்தேசம்.

இந்தக் கணக்கைப் பட்டணத்து மேஜையின் மேல் வைத்துப் போட்டால் விடை சரியாக வராது. பட்டணத்தில் எல்லா வாசலும் திறந்திருக்கும். எந்த வாசல் நல்ல வாசல் என்று அங்கே தெரியாது. ஆகையால் அடுக்கத்தில் வைத்துப் போடுவோம்.

அடுக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் நேயர்களுக்காகச் சொல்லுகிறேன். பழனி மலையின் தென் சரிவில், கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த கிராமம் அது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறி, பெருமாள்மலைக்குப் போய்ச் சேரும் மலைப்பாதையின் இடையில் இருக்கிறது. பழந்தமிழில் 'அடுக்கம்' என்றால் மலைச்சாரல் என்றே பொருள். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் வீண் பேச்சுப் பேசாதவர்கள் என்று தெரிகிறது. காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் விளையும் பூமி. கனமழை பெய்தால் பாதையில் மண் சரியும், போக்குவரத்து நிற்கும். கைப்பேசியின் அலையோ, ஒரு கொண்டை ஊசி வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இராது. இப்படிப்பட்ட மலைச்சாரலில் ஒரு குடும்பம், ஒரு நல்ல தொடர் நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க விரும்பினால் என்ன செய்யலாம்? இதுவே கேள்வி.

சிவப்பு உறையின் கதை

முதலில் கடல் கடந்து போய் ஒரு விந்தையைப் பார்த்துவிட்டு வருவோம். அமெரிக்காவில் 1997-ஆம் வருஷம் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்ற இருவர் நெட்ஃபிளிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் குழந்தைகள் கைப்பேசியை எடுக்கிறார்கள். அன்றோ அது சுத்தமான தபால் வியாபாரம். நம் ஜனங்கள் பொதுப் பெயராக 'ஸி.டி.' என்று அழைக்கும் டி.வி.டி. தட்டுக்கள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. வீடியோ காஸெட் கனமான பெட்டி. தபாலில் அனுப்பினால் தபால் செலவே வாடகையை விழுங்கிவிடும். தட்டின் எடையோ ஏறத்தாழ 16 கிராம். ஒரு காகித உறையில் போட்டுச் சாதாரணக் கடிதம்போல் அனுப்பிவிடலாம். 1998 மார்ச்சில் முதல் தட்டு தபாலேறியது. 1999-இல் மாதச் சந்தா முறை வந்தது. வீட்டுக்காரர் தமக்கு வேண்டிய படங்களை வரிசையாக எழுதி வைப்பார். பார்த்து முடித்த தட்டைத் தபாலில் போட்டால் அடுத்த தட்டு வந்து சேரும். தாமதத்துக்கு அபராதம் கிடையாது.

25 வருஷங்களில் 520 கோடிக்கும் அதிகமான தட்டுக்கள் இப்படிச் சிவப்பு உறைகளில் பிரயாணம் செய்தன. 2007-இல் அதே கம்பெனி கம்பி வழியாகப் படம் அனுப்பத் தொடங்கிற்று. தம்பி வளர வளர அண்ணன் தேய்ந்தான். 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி உறைகள் புறப்பட்டன. கடைசியாகக் கிடைத்த தட்டுக்களைத் திருப்பித் தரவேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வாடகைக்கு விட்ட பொருளைக் கடைசி நாளில் தானம் செய்த வியாபாரி அபூர்வம் அல்லவா?

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இந்த விதை விழாமல் இல்லை. அதற்கு முன்பே, 1980-களில், நம் ஊர்களில் 'டெக்' வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இருந்தது. கலியாணம், காதுகுத்து, திருவிழா என்றால் டெலிவிஷன் பெட்டியும் டெக்கும் நாலு காஸெட்டும் ஓர் இரவு வாடகைக்கு வரும். விடியும்வரை தெருவே பார்க்கும். ஒருவர் கொடுத்த வாடகையில் நூறு பேர் பார்த்தார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது உதவும்.

2000-க்குப் பிறகு பெங்களூரில் 'செவன்டி எம்.எம்.' என்ற கம்பெனி தோன்றித் தட்டுக்களை வீட்டிற்கே கொண்டுவந்து கொடுத்து, வீட்டிலிருந்தே திரும்ப எடுத்துச் சென்றது. 2008-இல் ரிலையன்ஸ் கூட்டத்தாரின் 'பிக்ஃபிளிக்ஸ்' வந்தது. இரண்டும் பெரிய நகரங்களின் சேவை. அடுக்கத்துக்குத் தட்டு ஏறவில்லை. இதற்கிடையே 2007-இல் மோஸர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு வி.ஸி.டி.யும், 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் விற்கத் தொடங்கியது. வாடகைக்கு எடுக்கும் காசில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்றால் வாடகைக்கு யார் போவார்கள்? திருட்டுத் தட்டு வியாபாரம் இன்னொரு பக்கம். அதை ஒடுக்க 2004-இல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள் என்றால் தொல்லை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். பிறகு கைப்பேசியில் படம் ஓடத் தொடங்கியதும் வாடகைத் தட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மோஸர் பேயரும் கடனில் மூழ்கிற்று.

தட்டின் கணக்கு

சினிமா ஒரே தட்டில் முடியும். தொடர் நாடகம் அப்படியல்ல. வீட்டில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தூர்தர்ஷனில் வந்த 'மஹாபாரத்' 94 பகுதிகள். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பித்து 1990 ஜூன் 24-ஆம் தேதி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தவர்கள் ஒன்றேமுக்கால் வருஷம் காத்திருந்தார்கள். பாஷை புரியாமலே பார்த்தவர்களும் தென்னாட்டில் ஏராளம்.

அதைத் தட்டுக்கு நாலு பகுதியாகப் பதிந்தால் 24 தட்டுக்கள். ஒரு தட்டு மலையேற மூன்று நாள், பார்க்க இரண்டு நாள், இறங்க மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு எட்டு நாள். 24 நடைக்கு 192 நாள்! பாண்டவர்கள் வனவாசம் போய்த் திரும்புவதற்குள் நாம் பொங்கலிலிருந்து ஆடிப்பெருக்குவரை காத்திருக்கவேண்டும். மூன்று மூன்று தட்டாக அனுப்பினால் எட்டே நடை. பார்க்க ஆறு நாள் கொடுத்தாலும் 96 நாளில் குருக்ஷேத்திரம் முடிந்துவிடும். 24-ஐயும் ஒரே பொட்டலமாக அனுப்பினால் ஒரே நடை. தட்டுக்களின் மொத்த எடை 400 கிராமுக்குள். ஒரு படி மிளகைவிட அதிகமாக இராது.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஒரு சாதாரண டி.வி.டி. தட்டு 4.7 ஜி.பி. கொள்ளும். 24 தட்டு ஏறத்தாழ 112 ஜி.பி. கைப்பேசியில் தினம் 2 ஜி.பி. திட்டம் வைத்திருப்பவர், அவ்வளவையும் கம்பியில்லாமல் இழுக்க 56 நாள் ஆகும். கைப்பேசியின் சிறு திரைக்கென்று சுருக்கிய படமாகப் பார்த்தால் இதைவிடக் குறைவாகவே செலவாகும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். ஆனாலும் மின்னலைவிட வேகமானது என்று நாம் நினைக்கும் ஆகாச மார்க்கம், தபால்காரரின் பைக்கு முன்னால் சில சமயம் நொண்டியடிக்கிறது என்பது வேடிக்கைதான். தபால் பையில் எவ்வளவு நிரப்பினாலும் பிரயாண நேரம் ஒன்றே. அதுதான் ரகசியம்.

ஆகாச நாடகம்

தட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆகாச நாடகத்தின் பெருமைகளை மறைப்பது நியாயமல்ல. பொத்தானை அழுத்தினால் கதை. கீறல் இல்லை, தபால் இல்லை, திருப்பித் தரும் கவலை இல்லை. நல்ல நாடகங்கள் பல இன்று அங்கேயே பிறக்கின்றன. அலை கிடைக்கும் இடத்தில் பகுதிகளை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் பார்க்கும் ஸௌகரியமும் உண்டு. பெருமாள்மலைக்கோ பெரியகுளத்துக்கோ வேலையாகப் போகிற பிள்ளைகள், மளிகைச் சாமானோடு நாலு பகுதி நாடகத்தையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அப்படி இறக்கியதும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானே மறைந்துவிடும்.

இந்த மறைவு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சென்ற மாதம் ஒரு தோட்டக்காரர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸார், மாசாமாசம் தவறாமக் கட்டுனேன். மிளகு வெல எறங்கிப் போச்சு, ஒரு மாசம் கட்டல. அம்புட்டுத்தேன், பாதி பாத்த கதை பாதியிலேயே நிக்குது. பாப்பா மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. இம்புட்டு நாளாக் கட்டுன காசுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"அண்ணே, அது வாடகை வீடு மாதிரி. இருந்த மாசத்துக்கு வாடகை சரியாப் போச்சு."

"வாடகை வீட்டுல காலி பண்றப்போ அட்வான்ஸாவது திருப்பித் தருவாக ஸார்!"

பொருளாதாரப் புத்தகம் படித்த எனக்கு இதற்குப் பதில் அகப்படவில்லை.

வாடகை கொடுத்தாலும் கதை அங்கேயே இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. அமெரிக்காவில் எச்.பி.ஓ. மாக்ஸ் என்ற தளம் 'வெஸ்ட்வோர்ல்ட்' என்ற தன் சொந்தத் தொடரையே 2022 டிசம்பரில் எடுத்துவிட்டது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோ ஹாட்ஸ்டார் என்ற புதுப் பெயரில் வந்தன. கடைக்காரர் மாறுவார், பெயர்ப்பலகை மாறும், அலமாரியில் இருந்த சாமான் மறுநாள் இராது. வீட்டு அலமாரியில் உள்ள தட்டை மட்டும் நம் அனுமதியில்லாமல் யாரும் எடுத்துப் போகமுடியாது.

இலவச மார்க்கம் ஒன்றும் உண்டு. சர்க்கார் 2004 டிசம்பரில் ஆரம்பித்த டிஷ் சேவை, இன்று 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் நடக்கிறது. குடையும் பெட்டியும் ஒரு தடவை வாங்கி வைத்தால் மாத வாடகை கிடையாது. மலைச் சரிவானாலும் ஆகாயம் தெரிந்தால் போதும். 2006 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்த இலவசக் கலர் டெலிவிஷன் இன்னும் ஓடும் வீடுகளுக்கு இது பொருத்தமான ஜோடி. ஆனால் அவர்கள் போடுவதை அவர்கள் போடும் நேரத்தில்தான் பார்க்கலாம். நாம் தேர்ந்தெடுக்கும் கதைக்கு அங்கே இடமில்லை.

மாட்டு வண்டியில் வந்த யோசனை

தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும், கையில் மிஞ்சவும் வேண்டும், ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றும் ஒன்று சேருமா? சேரும் என்று நம் தமிழ்நாடே முன்பு காட்டியிருக்கிறது.

1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்ற இஞ்சினியர், ஒரு மாட்டு வண்டியில் அலமாரி அமைத்து, அதில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலக இயக்கத்தின் தந்தையாகிய எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். புத்தகத்தை விலைக்கு வாங்க முடியாதவன் வீட்டு வாசலுக்குப் புத்தகமே போயிற்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் ஏற்பட்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் மாகாணங்களாக இருந்தவற்றில் இப்படிச் சட்டம் செய்ததில் நாமே முதல்வர்கள். அன்று முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். 'கொடுத்த கூலிக்கு என்ன மிஞ்சியது?' என்ற கேள்விக்கு, 'ஊருக்கு ஓர் அலமாரி மிஞ்சியது' என்று பதில் சொல்லக்கூடிய ஏற்பாடு அது ஒன்றுதான்.

புத்தகத்துக்குச் செய்ததைத் தட்டுக்குச் செய்யக்கூடாதா? சட்டம் தடுக்குமே என்று சில நண்பர்கள் பயப்படுகிறார்கள். சட்டம் தடுக்கவில்லை. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தின் பிரதியை வியாபாரத்துக்காக வாடகைக்கு விடும் உரிமை படத்தின் சொந்தக்காரருக்கே உரியது. ஆனால் 2012-இல் செய்த திருத்தத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. சர்க்கார் மானியம் பெறுகிற அல்லது வருமான வரி விலக்குப் பெற்ற நூலகமோ பள்ளிக்கூடமோ, முறைப்படி வாங்கிய தட்டை லாப நோக்கமின்றி இரவல் கொடுத்தால் அது வியாபார வாடகை ஆகாது. மேலும், பள்ளிக்கூடத்தின் காரியமாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு சம்பந்தப்பட்டவர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவதையும் அச்சட்டம் அனுமதிக்கிறது. 2022 முதல் நம் சர்க்கார் பள்ளிகளில் 'சிறார் திரைப்பட விழா' நடந்து வருவது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே படம் காட்டுவது பள்ளிக்கூடத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல.

இதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் 'அயலி' என்ற எட்டுப் பகுதித் தொடர் வெளிவந்தது, முத்துக்குமார் இயக்கியது. பெண் பூப்பெய்தியதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடும் ஒரு கிராமம்; டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு சிறுமி, தான் பெரியவளானதை மறைத்துக்கொண்டு படிப்பைத் தொடர்கிறாள். வகுப்பில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கும் பெண்களின் முகங்களைத் தினம் பார்க்கிறவன் நான். எத்தனை பெண்கள் பத்தாவதோடு நின்று தோட்ட வேலைக்கோ மாமியார் வீட்டுக்கோ போகிறார்கள் என்பது மலையடிவாரத்து ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. இந்தக் கதையைப் பார்க்கவேண்டியவர்கள் அந்தப் பெண்களும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய தகப்பனார்களும். ஆனால் அது சந்தா கட்டியவர் வீட்டில், அலை வருகிற மூலையில், ஒரு கையகலத் திரையில் அடங்கிக் கிடக்கிறது. வீட்டுச் சந்தாவை வீட்டு உபயோகத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவரில் அதைக் காட்டுவதற்கு உரிமை தருவதில்லை. யாருக்குக் கதை தேவையோ அவர்களுக்கும் கதைக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது. அந்த மலையைக் கடக்கத்தான் வழி தேடுகிறோம்.

அடுக்கத்துக்கு ஓர் ஏற்பாடு

என்னுடைய யோசனை பெரிய திட்டம் அல்ல.

முதலாவது, அன்றாடச் செய்திக்கும் பொழுதுபோக்குக்கும் இலவச டிஷ் போதும். அதற்கென்று தனியாக மாதச் சந்தா கட்டவேண்டாம்.

இரண்டாவது, படத் தளத்துக்குப் பணம் கட்ட விரும்பும் குடும்பம் வருஷம் முழுவதும் கட்டவேண்டியதில்லை. பார்க்க விரும்பும் தொடர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, பரீட்சை முடிந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அன்றே ரத்து செய்துவிடவேண்டும். மறந்தால், பார்க்காத நாடகத்துக்குக் கூலி கொடுத்தவர்களாவோம்.

மூன்றாவது, ஊருக்குப் பொதுவாக ஒரு தட்டு அலமாரி. பட்டணத்து வீடுகளில் பெட்டி பெட்டியாக நல்ல தட்டுக்கள் தூசி படிந்து கிடக்கின்றன. ஆர். கே. நாராயணனின் கதைகளை வைத்துச் சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்', 1990-களில் வீடுகளைக் கட்டிப்போட்ட 'மர்மதேசம்' போன்றவற்றையும், குழந்தைகளுக்கான படங்களையும் ரசித்தவர்கள் அநேகர். முறைப்படி வாங்கிய தட்டுக்கள் உங்கள் வீட்டில் சும்மா இருந்தால் மலைக் கிராமத்துப் பள்ளி நூலகம் ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பழைய தட்டுப் பெட்டியும் சேர்த்தால் புண்ணியம். திருட்டுத் தட்டை மட்டும் அனுப்பவேண்டாம். திருடிய பொருளால் தர்மம் செய்வது தர்மமாகாது.

நான்காவது, தட்டாக வராத நல்ல தொடர்களைப் பள்ளிக்கூடங்களில் காட்ட, தளத்தாரிடம் சர்க்காரே மொத்தமாக அனுமதி பெறவேண்டும். திரைப்பட விழாவுக்குச் செய்யும் ஏற்பாட்டைத் தொடர்களுக்கும் நீட்டுவது கல்வி இலாகாவுக்கு இயலாத காரியம் அல்ல. தனி ஆசிரியர் கேட்டால் கம்பெனி கடிதம்கூட எழுதாது. சர்க்கார் கேட்டால் எழுதும்.

தட்டு அலமாரி வைக்கிறவர்களுக்கு ஓரிரு எச்சரிக்கை. மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம். ஈரம் தட்டுக்கும் ஆகாது, பெட்டிக்கும் ஆகாது. உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் நிறுத்தி வைக்கவேண்டும். அடுக்கிப் படுக்கப் போடக்கூடாது. தட்டை விளிம்பில் பிடிக்கவேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கவேண்டும். பாத்திரம் துலக்குவதுபோல் வட்டமாகத் தேய்த்தால் கீறல் நிலைத்துவிடும். இரவல் நோட்டில் கையெழுத்து வாங்குவது அவசியம். ஊரில் நம்பிக்கை உண்டு, ஞாபகம்தான் குறைவு.

தட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது, இனி இந்த அலமாரி எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான். தட்டுப் பெட்டிகள் தேய்ந்து போகும், புதியவை அருமையாகும். மாட்டு வண்டியும் போய்விட்டது. ஆனால் மாட்டு வண்டியில் வந்த புத்தகத்தைப் படித்தவர்கள் வண்டி போனதோடு போய்விடவில்லை. அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் ஆசிரியரானார்கள்.

பத்து வருஷத்துக்கு ஓடக்கூடிய ஒரு தட்டுப் பெட்டி, மலைச்சாரலில் பத்து வகுப்புப் பெண்களுக்குக் கதை சொல்லும். அவர்களில் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால் போதும், பெட்டி வாங்கிய பணம் வரவாகிவிட்டது என்று கணக்கை முடித்துவிடலாம்.